நொண்டி ஆடும் அனுபவப் புள்ளியும்

ஏழு தலை பூதம் ஒன்றை நான் கட்டைவிரலால் கொன்றிருக்கிறேன். பிள்ளைப்பாக்கத்தில் இதை நம்புகிறவர்கள் குறைவு. என் மனைவி பாப்பம்மாள் அறவே நம்புவதில்லை. ஆனால் விரல் இன்றைக்கும் வலிக்கிறதே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?

ஒரகடத்துக் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற புதிது. எங்கள் மாடி அறையில் குடியிருந்த உச்சிமாகாளி, திசையன்விளைக்காரன், கான்ட்ராக்ட் வேலை. அவன்தான் என்னை டெலிகிராமில் 'கரும்பாறை நாடு' என்ற குழுவில் சேர்த்துவிட்டான். எழுதியே ஆடும் ஆட்டம். ஆளுக்கொரு வேஷம். 'குகைக்குள் போகிறேன்' என்று நாம் எழுதினால், உள்ளே என்ன காத்திருக்கிறது என்று ஆட்டத்தை நடத்துகிறவர் எழுதுவார். நடத்தியவள் மாரிசெல்வி. இருங்காட்டுக்கோட்டையில் வேலை, ஹாஸ்டல் வாசம். எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் பத்து அனுபவப் புள்ளி. புள்ளி சேரச் சேர லெவல் ஏறும். தீபாவளியோடு ஆட்டம் முடியும். அதற்குள் ஐந்தாம் லெவலைத் தொட்டவர்கள் மட்டும் ஆற்றைக் கடந்து கோட்டைக்குள் போகலாம்.

மணிக்கு எத்தனை பீஸ் என்ற கேள்வியிலேயே வாழ்ந்தவர்களிடம் கொடுக்கக்கூடிய விதியா இது? ஆட்டத்தை ஒரே வாரத்தில் உற்பத்தியாக மாற்றிவிட்டோம். நான் தளபதி. 'வாளை உருவினேன்' என்று ஒரு செய்தி. 'வாளைப் பார்த்தேன்' என்று ஒரு செய்தி. 'உறையில் போட்டேன்', அது ஒன்று. 'மறுபடி உருவினேன்.' என் அக்கா மகன் சுபாஷ் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் 'வந்துட்டேன்' என்று அடிப்பான். இறங்குவதற்குள் ஒரு லெவல் ஏறியிருப்பான். பாவம் அந்தப் பூதம், மாரிசெல்வி அதன் ஏழாவது தலையை எழுதி முடிப்பதற்குள் எங்கள் செய்திகளில் மூச்சுத் திணறி விருப்ப ஓய்வு கேட்டது.

உச்சிமாகாளிதான் பின்தங்கினான். ஷிப்டில் போனை லாக்கரில் பூட்டிவிடுவார்கள். ஓ.டி. முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததுமே தூங்கிவிடுவான். விளக்குக்காரன் வேஷத்தில் நாளுக்கு ஒரு செய்தி எழுதினால் அதிகம். 'கிணற்றுக்குள் யாரோ ஒரு மணியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.' 'பாலத்தில் ஒரு பலகை இல்லை, இரவல் கேட்கிறேன்.' 'இந்த ஆட்டுக்குக் கால் நொண்டுகிறது; தோளில் தூக்கிக்கொள்கிறேன்.' இப்படி.

ஒரு சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"கோட்டைக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டா போதும் அண்ணாச்சி. தீவாளியோட எனக்குக் கான்ட்ராக்டும் முடியுது. மூணாவது லெவல்லயே கெடக்கேன்."

"உன் போனை எங்கையில குட்றா," என்றான் சுபாஷ். "உனக்கும் சேத்து நான் பஞ்ச் பண்ணிடறேன்."

"நா எழுதாத வரியில நா எப்படி மச்சான் உள்ள போவேன்?"



ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் டீக்கடையில் கூடுவது எங்கள் வழக்கம். உச்சிமாகாளிக்கு அன்றும் ஓ.டி. நான் மாரிசெல்வியிடம் சிபாரிசுக்குப் போனேன்.

"ரெண்டு லெவல் சும்மா போட்டு வுடும்மா. யாரு கேக்கப் போறா?"

"சும்மா போட்டா அது புள்ளியா அண்ணாச்சி? சரி, நேத்து நீங்க என்ன எழுதுனிய?"

"வாளை உருவினேன்."

"பெறவு?"

நான் டீயைக் குடித்தேன். "மாமா அந்த வாளை உருவுன வேகத்துக்கு ஒரு சட்டி மோரு வெண்ணெ ஆயிருக்கும்," என்றான் சுபாஷ்.

மாரிசெல்வி சிரிக்கவில்லை. "எங்க லைன்ல ஒரு போர்டு தொங்கும். அடுத்த ஸ்டேஷன்ல நிக்கவருதான் உங்க கஸ்டமர்னு. இனிமே எழுதுனதுக்குப் புள்ளி கெடையாது. ஒங்க வரிய இன்னொருத்தர் எடுத்து மேல கொண்டுபோனா, அப்பத்தான் ஒங்களுக்குப் புள்ளி. பழைய வரிக்கும் சேத்துத்தான். எல்லாரும் சைபர்லேர்ந்து."

எனக்கு உள்ளூர குஷி. குழுவிலேயே அதிகம் எழுதியவன் நான். எடுக்க என் வரிகளுக்கா பஞ்சம்?

திங்கட்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்தில், மறைமலை நகர் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை எந்த பஸ்ஸைப் பார்த்தாலும் உள்ளே நம் ஆட்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்றைக் கடக்க வேண்டும். பாலத்தில் பலகை இல்லை. ஒருத்தன் தன் கேடயத்தை இரவல் கொடுத்தான். அக்கரையில் காவலர்கள். கிணற்று மணியை மேலே இழுத்து அடித்து அவர்களை வேறு பக்கம் ஓடவிட்டாள் ஒருத்தி. இருட்டில் எல்லோரும் விளக்கைத் தேடினார்கள். திட்டம் போட்டு யாரும் செய்யவில்லை. பிடித்துக்கொண்டு போக உச்சிமாகாளியின் வரிகள்தான் இருந்தன. நான் உருவிய வாள்களை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? கண்காட்சிதான் வைக்கலாம்.

தீபாவளிக்கு முந்தின நாள் உச்சிமாகாளி சீருடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். லாக்கரைத் திறந்ததும் பார்த்திருக்கிறான்.

"அஞ்சாவது லெவல் அண்ணாச்சி. போறேன் உள்ள." பிறகு தயங்கினான். "ஆட்ட மட்டும் பாலத்துல கொண்டுபோவ முடியாது. நீங்க எப்படியும் கரையிலதான நிப்பிய. பாத்துக்கிடுதியளா?"

பூதத்தைக் கொன்ற தளபதி அன்றே ஆட்டுக்காரன் ஆனான். பாப்பம்மாளிடம் சொன்னேன். "இப்பத்தான் உனக்கேத்த வேலை கெடச்சிது," என்றாள்.

உச்சிமாகாளி இப்போது ஊரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மாரிசெல்வி ஓசூரில். மாடியில் வேறு ஆட்கள். குழுவில் ஈ, காக்கை கிடையாது, என்னைத் தவிர. நான் மட்டும் எப்போதாவது எழுதுவேன்: 'ஆடு மேய்கிறது.' போன வாரம் என்னவோ தோன்றி, 'ஆடு கோட்டைப் பக்கம் பார்த்துக் கத்துகிறது' என்று எழுதினேன்.

சாயங்காலம் போன் சிணுங்கியது. விளக்குக்காரன் எழுதியிருந்தான்: 'சத்தம் கேட்டு, மதில் மேல் ஏறி விளக்கை ஆட்டுகிறேன்.'

சற்று நேரத்தில் அதன் கீழே மாரிசெல்வி: 'அண்ணாச்சிக்குப் பத்து புள்ளி.'

"போனைப் பாத்துகினு இன்னாத்துக்குப் பல்லக் காட்டிகினு கீறே?" என்றாள் பாப்பம்மாள்.

பதில் சொல்ல நேரமில்லை. ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தை நோக்கி நடக்கிறேன் என்று எழுத ஆரம்பித்தேன். வாளை இந்த முறை தொடவில்லை.