ஆமை விட்ட கிணறு

மூன்றாவது வாளியையும் பேணாட் இழுத்துக் குடத்தில் ஊற்றினார். தங்கச்சி ஞானமலரின் பிரேதம் விறாந்தையில் கிடக்க, வந்த சனத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையை அவர் முதல் நாளே தானாக எடுத்துக்கொண்டிருந்தார். பெட்டி நாலு மணிக்குத்தான் கோயிலுக்குப் போகும். அதுவரை செத்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பக்கத்து வீட்டு றஹ்மா காலையில் ஒரு கேத்தல் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அது முன்வரிசைக்கே போதவில்லை. மற்றவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான்.

"அதுக்கென்ன, ஆமை விட்ட கிணறு," என்றார் பந்தலில் இருந்த ஒருவர். தகரப் பேணித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

பஸ்தியாம்பிள்ளை மனைவியின் தலைமாட்டில் கதிரை போட்டு இருந்தார். அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது. பன்னிரண்டு வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்த மனிதர்தான். கலியாணம் முடித்த வருடம் தம்பலகாமத்து வாய்க்காலில் பிடித்துக் கிணற்றில் விட்ட பால் ஆமை அது, அப்போது உள்ளங்கையளவு. துறைமுக டொக்யாட்டில் வேலை முடிந்து வந்தால் உடுப்பு மாற்றமுதல் கிணற்றடிக்குப் போய் றால் தலையும் சோற்று உருண்டையும் போடுவார். கிணறு இறைக்கிற நாளில் அதைத் தூக்கித் தொட்டியில் விட்டு, ஓட்டில் பிடித்த பாசியைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவுவார். பெண்டாட்டிக்கு ஒரு நாளாவது முதுகு தேய்த்திருப்பாரா என்று தெருவில் பகிடி பண்ணுவார்கள். துறைமுகத்தடியில் பாதிக் கிணறு உவர். இவருடைய கிணற்றில் ஒரு புழு பூச்சி கிடையாது என்று நாலு வீட்டுப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள்.

இந்த மார்கழி மழைக்குப் பின்வளவுக் கக்கூசுக் குழி நிரம்பிக் கிணற்றடிவரை வழிந்தபோது ஞானமலர் சொன்னாள்: "இஞ்சருங்கோ, கொஞ்ச நாளைக்குக் கொதிக்க வைச்சுக் குடிப்பம்."

"ஆமை இருக்கிற தண்ணியைக் கொதிக்க வைக்கிறதோ? உமக்கென்ன விசரோ?" என்று இவர் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

வியாழக்கிழமை, மலரைக் காய்ச்சலோடு சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் டொக்டர் அவரைத் தனியே கூப்பிட்டார். நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபொயிட், குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். பஸ்தியாம்பிள்ளை ஆமையைப் பற்றிச் சொன்னார். டொக்டர் பேனையை மூடி வைத்தார்.

"ஆமை புழுவைத் தின்னும், ஐயா. கிருமியைத் தின்னாது. அந்தக் கிணத்துத் தண்ணியில ஒருத்தரும் வாய் வைக்கக்கூடாது."

வெள்ளி விடிய அவள் போய்விட்டாள். பேணாட் கேட்டதற்கு, "காய்ச்சல் முத்திப் போச்சு, மச்சான்," என்று மட்டும் சொன்னார். அடக்கம் முடியட்டும், சனம் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தார். பயம்தான், வேறென்ன? பெண்டாட்டியைக் கொன்றவன் நான் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? மகள் மாகிரட்டை மட்டும் றஹ்மா வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தார். ஒன்பது வயதுப் பிள்ளை கேட்குமா? இப்போது வெள்ளைச் சட்டையோடு தண்ணீர்ப் பேணிகள் அடுக்கிய தட்டத்தைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் நின்றாள்.

தட்டத்தில் ஒரு பேணி மிஞ்சியது. மாகிரட் அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

பஸ்தியாம்பிள்ளை பாய்ந்துபோய்த் தட்டிவிட்டார். பேணி உருண்டது. பேணாட் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சனத்திடம் சொன்னார்:

"பாவம், அவனுக்குத் தாங்க ஏலாமப் போச்சு. ஒருக்கா இருத்துங்கோ."

அவர் அதோடு விட்டிருக்கலாம். எல்லோரும் அதைத் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பந்தல் காலடியில் ஒரு தாய் விரலைப் பேணிக்குள் தொட்டுக் கைக்குழந்தையின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்காதேங்கோ," என்றார் பஸ்தியாம்பிள்ளை. "மலர் இந்தத் தண்ணியாலதான் செத்தவ. டொக்டர் எனக்குச் சொன்னவர்."

"எப்ப?" என்றார் பேணாட்.

"வியாழக்கிழமை."

பேணாட் தோளிலிருந்து கையை எடுத்தார். "நேற்றையில இருந்து என்ர கையால அள்ளி ஊத்துறன், பஸ்தி. நீ பாத்துக்கொண்டு இருந்தனீ."

"ஓம், மச்சான்."

பந்தலில் இருந்தவர்கள் பேணிகளை ஒவ்வொருவராக மணலில் கவிழ்த்தார்கள். அந்தத் தாய் முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"அப்பா," என்றாள் மாகிரட். "காய்ச்சலில கிடக்கேக்க அம்மா தண்ணி தண்ணி எண்டு கேட்டவ. நான்தானே அள்ளிக் குடுத்தனான்."

"நீ இல்லையடி, பிள்ளை. நான்தான்."

 முழந்தாளிட்டு அவள் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினார். மாகிரட் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.