சுருட்டைக்குள் நாத்தனார் கை

கண் பரிசோதிக்கும் பெண்ணின் சுருட்டை முடிக்குள் அவளுடைய நாத்தனாரின் வலது கை பன்னிரண்டு நாள் குடியிருந்தது. மணிக்கட்டு வரை உள்ளே. வளையல் மட்டும் வெளியே.

சிறு வயதிலிருந்தே அவள் தலைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள்: குருவிக்கூடு, பாத்திரம் தேய்க்கும் கம்பி. விட்டால் சுருள்கிறதா என்று கேட்காமலே இழுத்தும் பார்ப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வாங்கிய ஜெல்லை ஈரத் தலையில் தடவி, கசக்கி, காயவிட்டாள். ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக எழுந்து உட்கார்ந்தது. முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகக் கண்ணாடியை விட்டு நகர மனமில்லாமல் நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கணவனின் அக்கா வந்தாள். கணக்கு டீச்சர், குச்சி மாதிரி நேரான முடி. "என்னடி இது, ஷாக் அடிச்ச பூனை மாதிரி!" என்று கையை உள்ளே விட்டாள். கை திரும்பி வரவில்லை.

எண்ணெய் விட்டார்கள், சோப்புத் தண்ணீர் விட்டார்கள். கத்தரிக்கோலை வைத்தால் சுருள் நாசூக்காக ஒதுங்கிக்கொண்டது. முடிதிருத்துபவர் வந்து நெடுநேரம் பார்த்தார். "முடி பிடிச்ச மாதிரி தெரியலம்மா. கைதான் விடமாட்டேங்குது," என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சருக்கு முகம் சிவந்தது.

அன்றிலிருந்து கட்டிலில் இவர்கள் இருவர், கூடத்தில் கணவன். காலையில் பள்ளிக்கூடம், டீச்சர் சொல்லச் சொல்ல இவள் பலகையில் கணக்கு எழுதினாள். பிற்பகல் இவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக்கடை. டீச்சருக்குச் சும்மா இருக்க வராது. எழுத்துகளைப் படிக்கத் திணறியவர்களுக்கெல்லாம் உதட்டை அசைத்து விடை சொல்லிக்கொடுத்தாள். அந்த வாரம் ஒன்பது பேர் கண்ணில் குறையே இல்லை என்று மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் பேருந்து ஓட்டுநர். இன்னொரு முறை இப்படி நடந்தால் மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார் முதலாளி.

"அக்கா, உங்களால என் வேலை போகப்போகுது. கையை விடுங்க."

"நானா பிடிச்சிருக்கேன்?"

"பின்ன?"

டீச்சரின் குட்டு மூன்றாம் நாளே உடைந்திருந்தது. தலைக்குக் குளித்ததும் அவளுடைய நேர் முடி விறுவிறுவென்று சுருண்டுவிட்டது. இருபது வருடமாக விடியுமுன் எழுந்து, சூட்டுக் கருவியால் இழுத்து இழுத்து நேராக்கியிருக்கிறாள், தம்பிக்குக்கூடத் தெரியாது. ஒற்றைக் கையால் அது முடியாதே. அதைப் பார்த்த இவள் தினமும் காலையில் தானே கருவியைச் சூடாக்கி, காது சுடாமல் இழுத்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் கருவியை எடுத்தபோது டீச்சர் தலையைத் திருப்பிக்கொண்டாள். "போதும், எத்தனை நாள்தான் சுட்டுக்கிறது? உன்னோட அந்த ஜெல்லை எனக்கும் கொஞ்சம் தடவி விடறியா?"

சொல்லி முடிப்பதற்குள் கை வெளியே வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் வெயில் படாததில் சற்று வெளுத்திருந்தது, அவ்வளவுதான். இவள் ஒன்பது பேரையும் திரும்ப வரவழைத்துச் சோதித்தாள், ஓட்டுநரை முதலில். டீச்சரின் இருபது வருடச் சுருள் ஒரே காலையில் எழுந்ததில், வகுப்பறை வாசலில் அவள் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் பள்ளியை ஆய்வு செய்ய வந்த அம்மாள் அதிசயப்பட்டு, கேட்காமல் டீச்சரின் சுருள் ஒன்றை இழுத்தார்; கை திரும்பவில்லை. யாரும் பதறவில்லை. பியூன் டீச்சர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார். தலைமையாசிரியர், கால அட்டவணையில் இரண்டாவது பாடவேளைக்கு நேராக, டீச்சர் பெயருக்குக் கீழே அந்த அம்மாளின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.