ஸர்தீனாவுக்கு ரத்தம்

கூடைக்குள் பூனையை இறக்கி, அதைச் சுற்றிப் பழைய துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தாள் ஷெத்லியா. அண்ணனின் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிப்போனவர்கள் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஆண்கள் ஓதிக்கொண்டு போகும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. வாசல் கதவு திறந்தபடியே கிடந்தது.

“எங்கடி கிளம்பிட்ட?” என்றாள் அக்கா மன்னூபியா. விடிகாலையில் பேஜாவிலிருந்து வந்து இறங்கியவள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

“டாக்டர் ரிம் போன் பண்ணாங்க. ரத்தம் கிடைச்சிருக்காம்.”

“யாருக்கு ரத்தம்?”

ஷெத்லியா கூடையைப் பார்த்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களும் பார்த்தார்கள்.

“அடிப்பாவி! கூடப்பொறந்தவன் இன்னும் குழியில இறங்கல. நீ பூனைக்கு ரத்தம் ஏத்தப் போறியா? துக்கம் கேக்க வர்றவங்களுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?”

“நாளைக்குப் போயேம்மா,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“ரத்தம் கொடுக்கிற பூனை மத்தியானத்துக்கு மேல ஊர்ல இருக்காது அக்கா.”

“நல்லா இருக்கு கதை,” என்று மூலையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அண்ணன் தாஹர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஒருநாள் ஹம்மாம்-லிஃப் ஸ்டேஷனில், மத்தி மீன் கூடைக்குள் ஒளிந்திருந்த குட்டியைப் பிடித்து, “டிக்கெட் இல்லாம வந்தவ” என்று சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். நாலு நாள் குளிப்பாட்டியும் வாடை போகவில்லை. ஸர்தீனா, அதாவது மத்தி, என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. புருஷனை இழந்து ஷெத்லியா அண்ணன் வீட்டுக்கு வந்தபோது அவளுக்காகக் கதவருகே வந்து நின்றது அந்தப் பூனைதான்.

முதலில் அவருக்குச் சிறுநீரகம் போயிற்று. பிறகு பூனைக்கும் போயிற்று. “நான் ஒரு ஒடைஞ்ச குழாய், இவ ஒரு ஒடைஞ்ச குழாய். நீதான்டி இந்த வீட்டுக்குப் பிளம்பர்,” என்பார். சிறுநீரகம் கெட்டால் ரத்தம் ஊறுவது நின்றுபோகும் என்று அவருடைய டாக்டர் அவருக்குச் சொன்னதையே டாக்டர் ரிம் பூனைக்கும் சொன்னாள். ரத்தம் ஊற வைக்கும் ஊசி இருவருக்கும் ஒரே வகைதான். ஸர்தீனாவுக்குக் கொசுறு அளவு. அவருக்கு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பூனைக்குப் பிடரித் தோலைக் கிள்ளிப் பிடித்து ஷெத்லியா போட ஆரம்பித்தாள்.

ஆனால் ஊசி வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை பூனை தாங்காது போலிருந்தது. ஈறு காகிதமாக வெளுத்துவிட்டது. படுத்த இடத்திலிருந்து தலையை மட்டும் நீட்டிச் சுவரை நக்கிக்கொண்டிருந்தது. “ஊசி பிடிக்கிற வரைக்கும் தாக்குப்பிடிக்க வெளி ரத்தம் வேணும். ஒத்துப்போற பூனை கிடைச்சா சொல்றேன்,” என்றிருந்தாள் டாக்டர்.

நேற்று டயாலிசிஸ் முடிந்து வந்து தாஹர் சோபாவில் சாய்ந்தார். வயிற்றின் மேல் பூனையை வைத்துக்கொண்டார். “ரத்தம் கிடைச்சுதுன்னு சொன்னா உடனே தூக்கிட்டு ஓடு. என்னைக் கேட்டுக்கிட்டு நிக்காத,” என்றார். அவள் உள்ளே போய் சூப் காய்ச்சினாள். கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது அண்ணன் தூங்குவதாகத்தான் நினைத்தாள். வயிற்றின் மேலிருந்த பூனை அவர் மூச்சோடு ஏறி இறங்கவில்லை என்பது சற்றுப் பொறுத்துத்தான் கண்ணில் பட்டது.

இதைக் கூடத்தில் சொல்லியிருக்கலாம். அண்ணன் சொன்னது என்று ஒரு வார்த்தை போதும், எல்லார் வாயும் அடங்கியிருக்கும். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

மன்னூபியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, தன் தோளிலிருந்த சால்வையை உருவிக் கூடையின் மேல் போட்டாள்.

“வெளிய காத்தடிக்குது,” என்றாள். “பின்வாசல் வழியா போய்த் தொலை.”

கிளினிக், அண்ணனை அடக்கம் செய்யும் மய்யவாடிக்குப் போகும் சாலையில் இருந்தது. மேஜை மேல் ஒரு முரட்டுக் கடுவன் பூனை மயக்கத்தில் கிடந்தது. ஒரு காது கிழிந்திருந்தது, ரத்தம் எடுப்பதற்காகக் கழுத்தில் ஒரு கட்டம் சிரைத்திருந்தது. அதன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார் சொந்தக்காரர் லஸ்அத். குளிர்சாதன லாரி ஓட்டுகிறவர். மத்தியானம் காபெஸுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு பூனையோடு கிளம்ப வேண்டும்.

“பயப்படாதீங்கம்மா. எங்க வஸீர் ரத்தம் சுத்தமான ரத்தம். துறைமுகத்து எலி தின்னு வளந்த உடம்பு,” என்றார்.

டாக்டர் ரிம் ஸர்தீனாவின் முன்காலில் குழாயைச் செருகினாள். “தாஹர் சார் வரலியா? டயாலிசிஸ் நாளா இன்னைக்கு?”

“அது நேத்து.”

“முடியலையாக்கும். பாவம். ஒரு போன் போட்டு நல்லபடியா ஆரம்பிச்சிட்டோம்னு சொல்லிடுங்க.”

ஷெத்லியா தலையாட்டினாள். டாக்டர் முதலில் மெதுவாக, சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மூச்சு இரைக்கும், வாந்தி எடுக்கும் என்று சொல்லி, அருகிலேயே நின்று நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் வேகம் கூட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

மடியில் பூனை கனமே இல்லாமல் கிடந்தது. லஸ்அத் தன் பூனை விழிப்பதற்காகக் காத்திருந்தார். அதன் கிழிந்த காது எந்தச் சண்டையில் போனது, அதன் குட்டிகள் எந்தெந்தத் தெருவில் இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஷெத்லியா எல்லாவற்றுக்கும் “ம்” கொட்டினாள். அவர் பேச்சை நிறுத்திவிடக் கூடாது என்று இருந்தது அவளுக்கு.

வெளியே பேச்சரவம் கேட்டது. லஸ்அத் எழுந்து ஜன்னலுக்குப் போனார். சாலையில் ஆண்கள் இரண்டிரண்டு பேராக மய்யவாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். காலையில் பெய்த மழையில் செருப்புகளில் சிவப்பு மண் அப்பியிருந்தது. ஒருவர் நின்று அதை நடைபாதை விளிம்பில் தேய்த்தார்.

“யாரோ போயிட்டாங்க போல,” என்றார் லஸ்அத். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, வாய்க்குள்ளாக ஓதினார். பிறகு சற்று உரக்க, “யாரா இருந்தாலும் அல்லா பாவத்தை மன்னிக்கட்டும். கபுர்க் குழியை விசாலமாக்கட்டும்,” என்றார்.

“ஆமீன்,” என்றாள் ஷெத்லியா.

அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குழாயில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பூனையின் கால் அசையாதபடி பிடித்துக்கொண்டாள்.