அவுக சாமி

வலது தோள்பட்டையில் யாரோ ஆணி அடித்துப் பிடுங்காமல் விட்டுப் போனது போல வலித்தது. வாரம் முழுக்கக் கரிக்கூடை சுமந்த தோள். மல்லாந்து படுத்தால் ஆணி உள்ளே இறங்கியது. புரண்டால் இடுப்பு பிடித்தது. ஆனால் புரளக் கூடாது. அசையாமல் கிடந்தால்தான் பழசு வரும் என்று ரயில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொல்லியிருந்தார்.

சின்னையா அசையாமல் கிடந்தான். பிரிக்பீல்ட்ஸில், ரயில் எஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் கூலிகள் தங்கும் லயம். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். மற்றவர்கள் கள்ளுக்கடைக்குப் போய்விட்டார்கள். தகரக் கூரை காய்ந்து, அறை கவிழ்த்துப்போட்ட சட்டி மாதிரி கொதித்தது. கண்ணை மூடிக்கொண்டு நேற்றிலிருந்து தொடங்கினான். நேற்று கரி ஏற்றிய எஞ்சின். அதற்கு முந்தின நாள் மழை. போன மாதம், போன வருடம். இப்படியே பின்னால் நடந்து நாலைந்து வயதுக்குப் போக வேண்டும். போய், ஒரு சாமியின் பெயரைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். வந்தால் வள்ளியம்மாவைக் கட்டலாம். வராவிட்டால் இல்லை.

வள்ளியம்மாவின் அப்பா தம்புசாமி கிள்ளானில் மாட்டுவண்டி ஓட்டுகிறவர். அவர் மகன் வேலாயுதம் சின்னையாவோடு கரி சுமக்கிறவன். அவனோடு தீபாவளிக்குத் தீபாவளி கிள்ளானுக்குப் போய் வந்ததில் சின்னையாவுக்கும் வள்ளியம்மாவுக்கும் பிடித்துப்போயிற்று. அதை யாரும் மறைக்கவில்லை. வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரே போய்ப் பெண் கேட்டான்.

"எந்த ஊரு?" என்றார் தம்புசாமி.

"தெரியாதுங்க மாமா."

"மாமாவெல்லாம் அப்பறம். அப்பன் பேரு?"

"தெரியாதுங்க."

"குலசாமி?"

"அதுவும் தெரியாதுங்க."

"ஏன்டா, வண்டிக்கு மாடு வாங்குறவனே எந்தத் தொழுவத்து மாடுன்னு கேட்டுத்தான் கயித்தைப் புடிக்கிறான். நான் பொண்ணு குடுக்குறேன்." வெற்றிலைத் தட்டை அவர் தொடவில்லை. "ஊரு தெரியலையா, போவட்டும். அப்பன் பேரு தெரியலையா, அதுவும் போவட்டும். கப்பல்ல வந்ததுல பாதி அப்படித்தான். சாமி தெரியணும். உனக்கும் எனக்கும் ஒரே சாமின்னா நீ பங்காளி மவன். அவ உனக்குத் தங்கச்சி. தெரியாமக் கட்டி வச்சிட்டு நான் எந்தத் தண்ணியில மொகம் கழுவுறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு குலசாமியைக் கும்பிடுகிறவர்களுக்குள் பெண் எடுப்பதில்லை. கல்யாணத்தின் முதல் வெற்றிலையும் அந்தச் சாமிக்குத்தான் போகும். ஆவணிக் கடைசி வரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குமேல் காப்பாரில் தாரமிழந்த ஒருவன், இரண்டு வண்டி சொந்தமாக வைத்திருக்கிறவன், காத்திருந்தான்.

"எதையாச்சும் சொல்லிட்டுப் போடா," என்றான் வேலாயுதம். "முனியாண்டின்னு சொல்லு."

"உங்க சாமி எது?"

வேலாயுதம் தலையைச் சொறிந்தான். "முனியாண்டிதான்."

"நல்லா வாயில வருதுடா எனக்கு."

"சரி, வேற ஒண்ணைச் சொல்லு. சாமிக்கா பஞ்சம்?"

சொல்லலாம். ஆனால் அவனுடைய நிஜச் சாமியும் முனியாண்டியாகவே இருந்துவிட்டால்? பொய் சொல்லிக் கட்டிக்கொண்டு, தங்கச்சியோடுதான் படுத்தேனா என்று சாகும்வரைக்கும் தன்னையே கேட்டுக்கொண்டு கிடக்க முடியாது.

அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவனை வளர்த்த மண்டோர், ரயில் கூலிகளின் மேஸ்திரி, சொன்னதுதான். அம்மாவோடு கப்பலில் வந்தான். கப்பல் ஆட்களை நோய் பார்த்து அடைத்துவைக்கும் துறைமுகக் கொட்டகையில் அம்மா செத்துப்போனாள். ஆள் பிடிக்கப் போன மண்டோர், அழுதுகொண்டிருந்தவனையும் ரயில் கூலிகளோடு கூட்டி வந்தார். ஆள் சின்னதாக இருந்ததால் சின்னையா என்று பதிவில் சொல்லிவிட்டார். அப்பன் பெயர் கேட்ட இடத்தில் தன் பெயரையே கொடுத்தார். அந்த மண்டோரும் இப்போது இல்லை.

கிராணி சண்முகரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணம் ஆகாதவர். ஞாபகசக்தியை வளர்க்கும் பாடங்கள் அவருக்கு லண்டனிலிருந்து தபாலில் வந்துகொண்டிருந்தன. அவர் வீட்டு அடுப்புக்குக் கரித்தூள் கொண்டுபோன அன்று சின்னையாவின் கதையைக் கேட்டு, நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நீர் மறக்கேல்லை, சின்னையா. மனுசன் ஒண்டையும் மறக்கிறேல்லை. எல்லாம் உள்ளுக்கைதான் கிடக்கு, கதவைத்தான் காணேல்லை எண்டு புத்தகம் சொல்லுது."

"உள்ள இருந்தா எடுத்துடலாங்களா?"

"எடுக்கலாம். எடுத்தீரெண்டால் பாடம் பலிச்சுதெண்டு எனக்கொரு கைநாட்டு வைச்சுத் தாரும், லண்டனுக்கு அனுப்போணும்." பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். "இந்தக் குடையை எங்கை வைச்சனான்?"

குடை அவர் கையிலேயே தொங்கியது.

பாடம் சொன்ன வழிகளை எல்லாம் செய்து பார்த்தான். படுத்துப் பின்னால் நடப்பது முதல் வழி. அதில் மண்டோர் வீட்டு மஞ்சள் குவளை வந்தது. மண்டோர் பெண்சாதி அறைந்த அறை வந்தது. ஒருநாள் பெரிய வெள்ளைக் குதிரையும், மேலே அரிவாளோடு ஒருவரும் வந்தார்கள். சின்னையா லயத்துக்கு வெளியே ஓடினான்.

"வேலாயுதம்! வந்துடுச்சுடா! குதிரை மேல உக்காந்திருக்காரு, மீசை, கையில அரிவா!"

வேலாயுதம் பீடியை எடுத்தான். "பின்னால பச்சை மலை? ஓரத்துல கிளி?"

"ஆமாடா! உனக்கு எப்படி..."

"சலூன்ல தொங்குற படம்டா அது. மாசாமாசம் அதுக்குக் கீழதான் தலையைக் குடுத்துட்டு உக்காந்திருக்க."

வாசனை அடுத்த வழி. விளக்கெண்ணெய், கருவாடு, வேப்பெண்ணெய் என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தான். தும்மல்தான் வந்தது. சின்னப் பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி உலகத்தைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு வழி. தவழ்ந்து, படுக்கிற பலகைக்கு அடியில் போனபோது கள்ளு குடித்துவிட்டு வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

"என்னடா, மூட்டைப்பூச்சி வீட்டுல பொண்ணு கேக்குறியா?"

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. ஆனால் அந்தப் பலகைக்கு அடியில்தான் ஒன்று வந்தது. முகத்துக்கு நேரே பலகைச் சுவர். இடுக்கில் கோடாக வெளிச்சம். தொண்டையில் எரிச்சல். அதற்கு அப்பால் எதுவும் இல்லை. அடுத்தடுத்துப் படுத்தபோதும் கால் அங்கேயே போய் நின்றது. மூச்சு முட்டி, வேர்த்துக் கொட்ட எழுந்து உட்காருவான். அதைத் தாண்டிப் போக முடியவில்லை. இத்தனை பார்த்துவிட்டு, பார்க்காதவன்போல் திரும்பிப் போகவும் முடியவில்லை.

"அந்தப் பலகை எங்கை நிக்குது?" என்று கேட்டார் கிராணி.

"துறைமுகக் கொட்டகையா இருக்கணும்."

"பிறகேன் இஞ்சை கிடந்து உருளுறீர்? அங்கை போம்."

ஆவணி பிறந்துவிட்டிருந்தது. அடுத்த ஞாயிறன்று, காலை முதல் ரயிலிலேயே ஏறி போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போனான். கொட்டகைகள் சதுப்பை ஒட்டிக் கம்பி வேலிக்குள் நின்றன. கப்பல் எதுவும் வரவில்லை, எல்லாம் காலி. காவலுக்கு இருந்த பஞ்சாபி ஜாகா இவன் சொன்னதைச் சந்தைப் பேச்சான பாசார் மலாயில் இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டான். வெளியே விடச் சொல்லிக் கெஞ்சினவர்களைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன், உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறவன் நீதான் முதல் ஆள் என்று சிரித்துவிட்டு, கடைசிக் கொட்டகையைத் திறந்துவிட்டான்.

சின்னையா சுவரோரமாகக் குந்தினான். பலகை. இடுக்கில் வெளிச்சம். பினாயில் நெடி தொண்டையில் இறங்கி எரிந்தது. இதுதான். ஆனாலும் வெறும் பலகையாகத்தான் இருந்தது. இருபத்தெட்டு வயது ஆள் ஒருவன் காலி கொட்டகையில் குந்தியிருந்தான், அவ்வளவுதான்.

வெளியே மோட்டார் வண்டிச் சத்தம் கேட்டது. யாரோ துரை. ஜாகா ஓடிவந்து, வாயைத் திறக்காதே என்று சைகை காட்டிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

இரும்பு இரும்பில் விழுந்த அந்தச் சத்தத்தில் சின்னையாவின் உடம்பு தானாகவே சுருண்டது. முழங்காலுக்குள் தலை போயிற்று. கத்தக் கூடாது. கத்தினால் ஜாகாவின் வேலை போகும், தன் வேலையும் போகும். கையைக் கடித்துக்கொண்டான். கடித்த கையில் ஈரத் துணி ஒன்று பட்டது போலிருந்தது.

அம்மாவின் முந்தானை. முகம் தெரியவில்லை. மடி தெரிந்தது. அவனுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. பக்கத்தில் பாய்மேல் வேறொருத்தி. அம்மா மடியில் அவனை ஒரு கையால் அணைத்தபடி, மறுகையும் பல்லுமாக முந்தானையில் ஒரு காசை முடிகிறாள்.

"இந்தப் பய எந்திரிச்சு நடந்துறட்டும். ஊருக்கு வந்து முடி எறக்கி, கருப்புக் கெடா ஒண்ணு வெட்டிப் பொங்க வைக்கிறேன். என்னை எடுத்துக்க, இவனை விட்டுரு."

"எந்தச் சாமிக்கும்மா நேந்துக்கிறே?" என்கிறாள் பாய்க்காரி.

"அவுக சாமிக்கு."

"அவுக சாமின்னா பேரு இல்லியா?"

அம்மா வாயைப் பொத்திக்கொள்கிறாள். அந்த நிலைமையிலும் வெட்கம். "சாமி பேரைத்தான் அவுகளுக்கு வச்சிருக்கு. நான் எப்படிச் சொல்ல?"

"புள்ளைய சொல்லச் சொல்லேன். ஏலே, ஒங்கப்பன் பேரு என்னலே?"

அவன் அம்மாவைப் பார்க்கிறான்.

"அவனுக்கு எப்படித் தெரியும்? இவன் வயித்துல இருக்கையிலேயே அவுக கப்பலேறியாச்சு. நான் ஒருநாளும் சொன்னதில்ல."

அவ்வளவுதான். தாழ்ப்பாள் எடுபட்டபோது சின்னையா அங்கேயே குந்தியிருந்தான். கதவைத் தேடிப் போனவனுக்குக் கதவு திறந்துதான் கிடைத்தது. உள்ளே பெயர் இல்லை. கட்டியவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று அவள் விழுங்கியதில் அப்பனும் சாமியும் சேர்ந்தே போய்விட்டார்கள். ஒருமுறைகூடக் கேட்காத பெயரைத்தான் இத்தனை நாள் படுத்துக் கிடந்து தேடியிருக்கிறான்.

திரும்புகிற ரயிலில் கிள்ளானில் இறங்கினான். தம்புசாமி மாட்டுக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளியம்மா தொட்டியில் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரு," என்றார் தம்புசாமி. முகத்தில் கோபம் இல்லை. "நானும் யோசிச்சேன். வேலாயுதம் சொன்னான், நீ தவழ்ந்து கிடந்ததெல்லாம். சாமியே தெரியாதவன்னா பொறந்த புள்ளை மாதிரி. இங்க இருக்கிற மாரியம்மன் கோயில்ல மஞ்சத் தண்ணி ஊத்தி, இனிமே இவதான் உனக்குச் சாமின்னு வச்சுக்கலாம். பூசாரி சரின்னுட்டாரு."

வள்ளியம்மா தலை நிமிரவில்லை. புண்ணாக்குக் கரைத்த கை நின்றது.

சின்னையா அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவனால் முடியவில்லை. பெற்றவளை அன்றைக்குத்தான் கண்டவன். கொட்டகையில் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னான்.

தம்புசாமி மாட்டின் காலைக் கீழே விட்டார்.

"ஏன்டா இதைச் சொன்ன?" என்றார். "கேக்காத சாமின்னா விட்டுடலாம். இது உங்கம்மா நேந்ததைக் கேட்டுட்டு, உன்னையும் பொழைக்க வச்சிட்டு, அவளையும் எடுத்துக்கிச்சு. தன் வேலையை முடிச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்கு. இனி மாரியம்மன்கிட்ட எப்படிக் கூட்டிட்டுப் போவேன்? அங்க பாக்கி வச்சவனை அம்மன் ஏத்துக்குவாளா?"

"பாக்கியைக் குடுத்துட்டாப் போச்சுப்பா," என்றாள் வள்ளியம்மா.

"யாருக்குடி குடுப்ப? பேரைச் சொல்லு."

"எல்லாச் சாமிக்கும் வெட்டுறேன் மாமா," என்றான் சின்னையா. "ஒவ்வொண்ணா."

"ஒருத்தன்கிட்ட வாங்கிட்டு ஊருக்கெல்லாம் குடுப்பியா? வாங்கினவனுக்குப் போய்ச் சேருமா?" குரல் உயரவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. "அது உன்கிட்டக் கேக்காது. வீட்டுக்கு வர்றவ வயித்துல கேக்கும். எனக்கு இருக்குறது ஒரே பொண்ணு."

அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போனார்.

வள்ளியம்மா கையை உதறிக்கொண்டு வந்தாள். "தெரியலைன்னே வந்து நின்னிருக்கலாம்ல? எதுக்குப் போய்த் தோண்டின?"

"உனக்காகத்தான்."

"எனக்குத் தெரியாமலா?" என்றாள். அழவில்லை. "இப்ப எனக்கும் பயமா இருக்கு. அதான் கோவம்."

புண்ணாக்குத் தொட்டியிடம் திரும்பிப் போனாள். ஆவணிக் கடைசியில் காப்பார்க்காரன் வெற்றிலைத் தட்டோடு வந்தபோது தம்புசாமி வாங்கிக்கொண்டார்.

சின்னையா பிழைத்துக் கிடக்கிறான், கரி சுமக்கிறான். அவன் உயிருக்காக, பெயர் தெரியாத ஒரு சாமிக்கு, அவன் தலைமுடியும் ஒரு கருப்புக் கிடாயும் பாக்கி.