மேல்தட்டில் வைத்த போத்தல்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் இரண்டு பழக்கம். நாவலடியில் சுனாமி அலை வந்த நாளிலிருந்து நான் எதையும் உயரத்தில்தான் வைப்பேன். அரிசி, அடையாள அட்டை, பிள்ளையின் பால்மா அடைத்த ரின், எல்லாம் மேல்தட்டில். என் கணவர் அருமைநாயகம் வெல்லாவெளிக்காரர். போரில் விழுந்த ஷெல்லுக்குப் பயந்து தரையில் படுத்து வளர்ந்தவர். எதையும் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைப்பார். அலையில் எனக்கு முதல் கணவரும் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். ஷெல்லில் அவருக்கு முதல் மனைவி போனாள். சொந்தக்காரர் பேசி முடித்த கலியாணம் இது. போனவர்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. எங்கள் மகள் ஆர்த்திகாவுக்கு ஒன்றரை வயது.

அந்த வைகாசியில் எலி கூடிவிட்டது. கதவு நிலைக்குக் கீழே ஓட்டை இருந்தது. ஒரு நாள் பிள்ளையின் கால் பெருவிரலில் பல் பட்டிருந்தது. அன்றைக்கே அவர் வயலுக்கு அடிக்கிற பூச்சிநாசினியில் கொஞ்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வந்தார். சோற்றில் பிசைந்து எலிக்கு வைக்கலாம் என்று கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

"புள்ள திரியிற இடத்திலயா வைக்கிற?"

"மறுகா எங்க வைக்கிற?"

நான் போத்தலை எடுத்து மேல்தட்டில், பால்மா ரின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடியும்போது பிள்ளைக்குப் பால் கரைத்துக் கொடுத்தேன். அவர் வயல் வட்டைக்குப் போய்விட்டார். வெயில் ஏறிய பிறகு அரிசி எடுக்கக் கையை நீட்டினேன். போத்தல் சரிந்து கிடந்தது. மூடியை எலி கடித்திருந்தது. தட்டு ஈரம். பால்மா ரின்னின் மூடியும் ஈரம். பால் கரைத்தபோது ஈரம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை.

பிள்ளையையும் ரின்னையும் தூக்கிக்கொண்டு வீட்டு முன் ஒழுங்கைக்கு வந்தேன். ஹலீம் காக்கா வந்துகொண்டிருந்தார். காத்தான்குடியிலிருந்து செவ்வாய்தோறும் மோட்டார் சைக்கிளில் பிளாஸ்டிக் சாமான் கொண்டுவருகிறவர். நான் சொல்லி முடிப்பதற்குள் வாளிகளை அவிழ்த்து வேலியோரம் போட்டார்.

"ஏறுகா தங்கச்சி. வாளி களவு போனா நீதான் பொறுப்பு."

வழியில் வெடி கொளுத்தும் சத்தம். பிள்ளை உடம்பைக்கூட அசைக்காமல் என் தோளில் கிடந்தாள். தூக்கமா என்று தெரியவில்லை. சோதனைச்சாவடியில் கொடி கட்டி, தட்டில் பாற்சோறு வைத்திருந்தார்கள்.

"யுத்தம் முடிஞ்சது அம்மா. சாப்பிடு," என்று ஓர் ஆமிக்காரன் ஒரு துண்டை என் கையில் வைத்தான். ஹலீம் காக்கா சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவன் பிள்ளையைப் பார்த்தான். ஓடிப்போய்த் தடையைத் தூக்கிவிட்டான்.

ஆஸ்பத்திரி வரைக்கும் பாற்சோறு என் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டொக்டர் பிள்ளையின் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். ரின்னை முகர்ந்தார். பின்னேரம் வரை பார்ப்போம் என்றார்.

"பால்மாவுக்குப் பக்கத்தில ஏன் நஞ்ச வெச்சீங்க?" என்று தாதி கேட்டாள்.

"தண்ணி வந்தா எட்டாதெண்டு."

அவள் பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

மத்தியானம் செய்தி கேட்டு என் கணவர் சேற்றுக்காலோடு வந்து மர வாங்கில் என் பக்கத்தில் இருந்தார். நாலு மணித்தியாலம் அப்படியே இருந்தோம். பிள்ளை எழும்பிப் பால் கேட்டாள். டொக்டர் மீண்டும் கண்ணைப் பார்த்தார். "நஞ்சு உள்ளுக்குப் போகல்ல," என்றார். எனக்கு அழுகை வரவில்லை. வரவேண்டும் என்று காத்திருந்தேன்.

அடுத்த நாள் ஹலீம் காக்கா அரைப் பை சீமெந்தோடு வந்தார். அவர் கட்டிவந்த சாமானில் எலி பிடிக்கிற கூடு ஒன்றும் இருந்தது.

"வாசலத் திறந்து வெச்சிற்று எலிக்கு விருந்து போடுறீங்க," என்றார்.

என் கணவர் போத்தலை வட்டைக் குடிலுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்தார். எலி மறுபடி அரிக்காமல் இருக்க நான் கண்ணாடி உடைத்தேன். அவர் அதைச் சீமெந்தில் குழைத்து ஓட்டையை அடைத்தார். கதவின் அடியில் தகரம் அடித்தார்.

"மேலயும் வைக்க ஏலாது, கீழயும் வைக்க ஏலாது," என்றார், கை கழுவும்போது.

"ஓம்."

மத்தியானம் பிள்ளை தரையில் பாயில் தூங்கினாள். அலைக்குப் பிறகு நான் தரையில் படுத்ததில்லை. அன்றைக்கு அவள் பக்கத்தில் படுத்தேன். காது தரையில் பட்டது. கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். எலி, அலை, ஷெல், ஒரு சத்தமும் இல்லை.