பூட்டிய அறையில் ஏறிய எண்

கிர்கிஸ்தானின் நரின் ஊர்ப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த பெர்மெட்டுக்கு, அந்தக் கருவி வந்த நாளிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பேனா அளவில் ஒரு குச்சி, நுனியில் பிளாட்டினப் பொட்டு. தண்ணீரில் நட்டுவைத்தால், அந்தத் தண்ணீர் மற்ற பொருள்களிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு துடிக்கிறது என்று மில்லிவோல்ட்டில் சொல்லிவிடும். வயர் கிடையாது. கையில் இருக்கும் டேப்லெட்டில் எண் தானாக வந்து விழும். டீச்சரை 'எஜே', அதாவது அக்கா, என்று கூப்பிடும் பிள்ளைகள் அதற்குப் 'பசிமானி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்று காலை எட்டாம் வகுப்பில் ஒரே கூத்து. ஆளுக்கொரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். பெகாயிம் கொண்டுவந்த ஊற்றுத் தண்ணீருக்கு எண் பாதாளத்தில் கிடந்தது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த பையாமனுக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்க ஊத்துத் தண்ணி பட்டினி கிடக்குற தண்ணிடி! எங்க குழாய்கிட்ட நிக்க முடியுமா?"

"போடா, உங்க தண்ணி கக்கூஸ் கழுவுன வாடை அடிக்குது. இதுல பெருமை வேற!"

வகுப்பு பெகாயிமுக்காகச் சிரித்தாலும், பலகையில் பையாமனின் எண்தான் மேலே நின்றது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

கடைசியாக, துணி வெளுக்கும் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து பெர்மெட் குச்சியை நட்டாள். எண் எழுநூற்றைத் தொட்டது. அதில் ஒரு சொட்டு வினிகர் விட்டாள். எண் எகிறியது. பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். 'இதை வீட்டில் செய்து பார்த்துவிடாதீர்கள், புளிப்பு கூடினால் விஷவாயு கிளம்பும்' என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. யார் காதில் விழும்? எல்லோரும் கதவை நோக்கி ஓடினார்கள்.

புதிதாக வெளுப்புத் தண்ணீர் கலந்து, குச்சியை அதிலேயே விட்டுவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு எதிரில் இருந்த ஆசிரியர் அறைக்குப் போனாள். அங்கே அவள் 'பைகே', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் இயற்பியல் ஆசிரியர் ஷைலோபெக், பூர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். சுவரைத் தாண்டி எண் வரும் என்று அவள் சொன்னதை அவர் நம்பியிருக்கவில்லை.

"பாருங்க பைகே. ரெண்டு கதவு சாத்தியிருக்கு, எழுநூறு வந்து நிக்குதா?"

"நிக்குது, நிக்குது. அடுத்த மாசம் அதுவே பாடமும் நடத்தும், நாம வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, எண் எழுநூற்று எண்பது ஆனது. அடுத்து எண்ணூற்று அறுபது.

"என்ன தங்கச்சி, தானா ஏறுது? பேய் புகுந்துடுச்சா?"

பெர்மெட்டும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தண்ணீர் தானாகப் புளிக்காது. யாரோ அமிலம் ஊற்றினால்தான் அந்த எண் ஏறும். அவள் பூட்டும்போது உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அறையின் மூலையில் அலமாரிக்குப் பின்னால் ஓர் ஆள் ஒளிய இடம் உண்டு. அலமாரியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு.

எண் ஆயிரத்தைத் தாண்டியது.

நாற்காலி சாய்ந்து விழுந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை. தாழ்வாரத்தைக் கடந்து சாவியைத் துளையில் நுழைப்பதற்குள் இரண்டு முறை கீழே போட்டாள். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள். கதவிடுக்கு வழியாகக் குளோரின் நாற்றம் மூக்கில் ஏறியது. உள்ளே யாரோ நெஞ்சு கிழிய இருமினார்கள்.

"யாரு உள்ள? தாழ்ப்பாள எடு!"

"எஜே..." பெகாயிமின் குரல். "கண்ணு தெரியல, எஜே... எரியுது..."

"பெகாயிம், கேளு கண்ணு. கீழ உக்காராத, அந்த வாயு தரையோட தரையா வரும். மேசை மேல ஏறு. கழுத்துத் துணிய நனைச்சு மூக்கப் பொத்து. ஏறுனியா?"

ஏதோ உருண்டு விழுந்த சத்தம். குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்குகளையெல்லாம் பெர்மெட்டே அக்டோபரில் காகிதம் ஒட்டி அடைத்திருந்தாள். ஓர் ஊசி அளவு காற்று கூடப் போகாதபடி, எவ்வளவு அக்கறையாக ஒட்டினாள்! அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நான் வெளிய சுத்தி ஜன்னலுக்குப் போறேன்," என்று பின்னாலேயே வந்திருந்த ஷைலோபெக் கோட்டு கூடப் போடாமல் பனிக்குள் ஓடினார்.

பெர்மெட் கதவில் தோளால் மோதினாள். அசையவில்லை. கக்கத்தில் இடுக்கியிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். எண் இல்லை. 'தொடர்பு அறுந்தது' என்று மட்டும் இருந்தது. இருமலும் நின்றிருந்தது. சுவரில் தொங்கிய தீயணைப்பு வாளியை எடுத்துத் தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் இடித்தாள், மறுபடி இடித்தாள். பலகை பிளந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். மேசைகள், பச்சை படர்ந்த காற்று. பிள்ளையைக் காணவில்லை. பிறகுதான் ஜன்னல் விளிம்பில் இரண்டு கால்கள் தெரிந்தன. ஜன்னலின் மேல்பகுதியில் இருந்த குட்டிக் கதவின் காகிதத்தைக் கிழித்துத் திறந்து, பெகாயிம் இடுப்புவரை வெளியே தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே ஷைலோபெக் அவள் தோள்களைத் தாங்கிப் பிடித்திருந்தார். கண்ணாடிக் குவளையும் குச்சியும் பனியில் கிடந்தன. நாற்றம் அதிலிருந்துதான் வருகிறது என்று புரிந்து, பெகாயிமே முதலில் அதைத் தூக்கி வெளியே எறிந்திருந்தாள்.

"இழுக்காத, தள்ளு!" என்று கத்தினார் அவர். பெர்மெட் தள்ளினாள். பிள்ளை பனியில் விழுந்து, வாந்தியெடுத்து, மூச்சு வாங்கினாள்.

ஆம்புலன்சில் பெகாயிம் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு, "எஜே, அவன் எண்ணத் தாண்டணும்னுதான் ஒளிஞ்சிருந்து ஊத்துனேன். பையாமன்கிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். பெர்மெட் முகமூடியை மறுபடி அவள் மூக்கில் பொருத்தினாள்.

"நுரையீரல்ல தண்ணி கோக்குதான்னு பாக்கணும். சில சமயம் நேரங்கழிச்சுதான் காட்டும்," என்றார் ஆஸ்பத்திரியில் மருத்துவர். உள்ளே கேட்ட ஒவ்வொரு இருமலுக்கும் பெர்மெட் பெஞ்சிலிருந்து எழுந்தாள். இருமல் வராதபோதும் எழுந்தாள்.

பெகாயிமின் அம்மா ஸூரா, சந்தையில் கம்பளிச் செருப்பு விற்பவள், தலையில் பனியோடு வந்தாள்.

"பூட்டும்போது உள்ள பாத்தியா?"

"பாக்கலக்கா."

"ஆபத்துன்னு சொன்னியா?"

"சொல்ல வந்தேன். மணி அடிச்சிருச்சு."

ஸூரா கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்று, தன் வாயைப் பொத்திக்கொண்டது. பெர்மெட் நகரவில்லை. அடி விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள்.

ஜன்னலில் வெளிச்சம் மங்கியபோது மருத்துவர் வெளியே வந்தார். மூச்சு சீராகிவிட்டது, நுரையீரல் இதுவரை சுத்தம், காலைவரை வைத்துப் பார்க்கலாம் என்றார். பெர்மெட் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஸூரா அவள் கையைப் பற்றி இழுத்துத் தன் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"உக்காரு. காலைல வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படுவோம்," என்றாள்.