கொஞ்சம் என்றால் எவ்வளவு

அக்காவுக்கு நாடக அரங்கில் விளக்குப் போடும் வேலை. தங்கைக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை. விளக்குகளை இயக்கும் மேசைக்கு ஒரு மொழி உண்டு. முழுக்க எண்கள். பார்த்தாலே அக்காவுக்குத் தலை சுற்றும். அதனால் தங்கை அவளுக்கென்றே ஒரு சின்ன மொழியை உண்டாக்கினாள். அக்கா பேசுகிற மாதிரியே எழுதலாம். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால், கம்பைலர் அதை மேசையின் மொழிக்கு மாற்றிவிடும்.

தச்சர் ஒருவரைத் தவிர யாருமில்லாத அரங்கில் லேப்டாப்போடு உட்கார்ந்தார்கள். ‘நீலம் கொஞ்சம் குறை’ என்று அக்கா எழுதினாள். தங்கை கட்டளையைத் தட்டினாள்.

‘கொஞ்சம்: தெரியாத சொல்’ என்றது திரை.

“இதுகூடவா தெரியாது?”

“கொஞ்சம்னா எவ்வளவுக்கா?”

“கொஞ்சம்னா கொஞ்சம்தான்டி!”

தங்கை விடவில்லை. அக்காவைக் கையாலேயே விளக்கைக் குறைக்கச் சொல்லி, மேசையில் ஓடிய எண்களைக் கவனித்தாள். மறுபடி, மறுபடி.

“அக்கா, எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் அதுல மூணுல ஒரு பங்கைத்தான் குறைக்கிறே!”

“நானா? கணக்குல எப்பவும் கோட்டை விட்டவளாச்சே!” அக்கா தன் கையையே புதிதாகப் பார்த்தாள்.

அந்தக் கணக்கைக் கம்பைலரில் சேர்த்ததும் முரண்டு பிடிக்காமல் மேசையின் மொழியில் ஒரு கோப்பு வந்தது. அக்காவின் ஒற்றை வரி அதில் ஒரு பக்கம் முழுக்க எண்களாக நீண்டிருந்தது.

“இதுல நான் எங்கடி இருக்கேன்?” என்றவள், தங்கை தடுப்பதற்குள் ஓர் எண்ணை மாற்றி ஓடவிட்டாள்.

மேடை முழுக்கப் பச்சை. ஏணிமேல் ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரும்மா என்னைத் தவளை ஆக்கினது?”

இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

“இந்தக் கோப்புல கை வைக்காதேக்கா. அடுத்த தடவை கம்பைல் பண்ணினா நீ மாத்தினது அழிஞ்சிடும். எதுவானாலும் உன் மொழியில சொல்லு.”

அக்கா மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடுவில் வெளிச்சமாகவும் ஓரங்களில் கலங்கலாகவும் இருந்த அந்தப் பச்சையை அவள் கை ஒருநாளும் கலந்ததில்லை.

“நாயகி குளத்துல விழற காட்சிக்கு இதுதான்டி வேணும். ஆனா இதுக்கு என்ன பேரு?”

“உன் மொழிதானே, நீயே வை.”

அக்கா யோசித்து, ‘பாசி’ என்று எழுதினாள். தங்கை அந்தச் சொல்லைக் கம்பைலருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மாலை ஒத்திகையில் ‘பாசி மெல்ல வா’ என்ற வரிக்கு மேடை மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கியது. நாயகியாகக் கீழே விழுந்து கிடந்த நடிகை தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.